காப்பு சிவந்தபோது

லோகநாதனை வீட்டைவிட்டு வெளியேற்றச் சிந்துஜா போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று காலைதான் எண்ணெய் லாரியை நாக்பூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு தட்டின் முன் உட்கார்ந்திருந்த அவருக்கு மனைவி ஜீவிதா கொள்ளு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பெண் போலீஸும் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் அதிகாரியும் நிற்பதைப் பார்த்ததும் அவள் கரண்டி பாதியில் நின்றது.

"மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துல இருந்து வர்றோம்," என்றாள் சிந்துஜா. "சாப்பிட்டு முடிங்க. அவசரமில்லை."

அவர் முடிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார்.

"உங்க பொண்ணோட காப்பு உங்க பேர்ல மூணாவது தடவையும் சிவந்திருக்கு. சட்டப்படி நீங்க இனி இந்த வீட்ல இருக்கக் கூடாது. விசாரணை முடியற வரைக்கும் ஆதிரை இருக்கற இடத்துப் பக்கமே வரக் கூடாது."

"நான் என்னுங்க பண்ணுனேன் எம் புள்ளைய?"

"அதை நாங்க கேக்கறதில்லைங்க. உங்ககிட்டயும் கேக்கறதில்லை, அவகிட்டயும் கேக்கறதில்லை. காப்பு என்ன எழுதியிருக்கோ அதுதான்."

லோகநாதன் மனைவியைப் பார்த்தார். ஜீவிதா காங்கேயத்தின் தேங்காய்க் களம் ஒன்றில் கொப்பரை எடுக்கும் வேலைக்குப் போகிறவள். கணவனை எதிர்த்து ஒரு சொல் பேசவும் தெரியும், அவருக்காக ஊரை எதிர்த்துப் பேசவும் தெரியும். அன்று அவள் இரண்டும் செய்யவில்லை. மகளின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னைப் பாரு புள்ள," என்றார் லோகநாதன்.

அவள் பார்க்கவில்லை.

ஆதிரை உள்ளறைக் கதவோரம் நின்றிருந்தாள். பதினொரு வயது. பள்ளிச் சீருடையில் ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து கிடந்தது. "அப்பா, போகாதீங்கப்பா," என்றபடி முன்னால் வந்தாள். அவர் திரும்பினார். அவள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவள் கையிலிருந்த காப்பு, மெல்ல, ஓரத்திலிருந்து தொடங்கி முழுவதும் சிவந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். லோகநாதனும் பார்த்தார். தீயில் கை வைத்தவர்போலப் பின்வாங்கினார்.  ஒரு பையில் இரண்டு சட்டைகளைத் திணித்துக்கொண்டு, செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு, வாசல் வெயிலில் இறங்கிப் போனார்.

அவர் போனதும் ஆதிரை சிந்துஜாவின் துப்பட்டா நுனியைப் பிடித்தாள். "அக்கா, நான் ஒண்ணு..."

சிந்துஜா குனிந்து அவள் தலையைத் தடவினாள். "ஒண்ணும் சொல்ல வேண்டாம் கண்ணு. உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். இனிமே நீ பயப்படவே வேண்டாம்."

அவள் அதை முழு அன்போடுதான் சொன்னாள். அந்தச் சட்டத்தை அவள் அவ்வளவு நம்பினாள்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. சட்டம் வருவதற்கு முன்னால், வேலையில் சேர்ந்த புதிதில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை நீதிமன்றத்துக்கு அழைத்துப்போகும் பொறுப்பு அவளுக்கு வந்தது. அந்தக் குழந்தை நடந்ததை முதலில் அம்மாவிடம் சொல்லியிருந்தது. பிறகு ஆசிரியையிடம், போலீஸிடம், மருத்துவரிடம், இன்னொரு போலீஸிடம். கடைசியில் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எதிர்த்தரப்பு வக்கீல், "போன தடவை சாயங்காலம்னு சொன்னே, இப்ப மதியம்ங்கறே. எது பொய்?" என்று கேட்டார். குழந்தை அங்கேயே வாந்தி எடுத்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியது சிந்துஜாதான். வழக்கு தோற்றது. குற்றம் செய்தவன் அதே தெருவுக்குத் திரும்பிப் போனான்.

அப்படிப்பட்ட பல வழக்குகளுக்குப் பிறகுதான் காப்புச் சட்டம் வந்தது. பள்ளியில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் மணிக்கட்டில் ஒரு காப்பு. குழந்தையின் நாடித்துடிப்பையும் வியர்வையையும் மூச்சையும் அது படிக்கும். பக்கத்தில் இருக்கும் பெரியவர் யார் என்பதை அவருடைய கைபேசியை வைத்து அறிந்துகொள்ளும். குழந்தையின் பயம் எல்லை தாண்டினால் காப்பு சிவக்கும். அவர் பெயர் மாவட்ட அலுவலகத்தில் பதிவாகும். ஒரே ஆள்மேல் மூன்று முறை பதிவானால் அவரை அகற்றிவிடுவார்கள். குழந்தை யாரிடமும் வாய்திறக்க வேண்டியதில்லை. சட்டத்தின் மிக முக்கியமான பிரிவே அதுதான்: இதைப் பற்றிக் குழந்தையிடம் கேள்வி கேட்பது குற்றம்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. பெற்றோர்கள் மாலையில் கைபேசியைத் திறந்து பிள்ளையின் அன்றைய கோடு பச்சையாக ஓடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள்.

லோகநாதன் போன பிறகு ஜீவிதாவுக்குக் களத்தில் கூடுதல் நேரம் வேலை செய்ய வேண்டி வந்தது. பள்ளி விட்டு வரும் மகளை எங்கே விடுவது என்று அவள் சிந்துஜாவுக்குப் போன் செய்து கேட்டாள்.

"செஸ் கிளாஸுக்குப் போறாள்ல? அங்கேயே எச்சா நேரம் இருக்கட்டும்," என்றாள் சிந்துஜா. "பிரசன்னா சார் பதிவை நான் பார்த்திருக்கேன். அத்தனை பிள்ளைங்ககிட்டயும் சுத்தமான பச்சை. மாவட்டத்துலயே அவர்தான் முதல்."

அது உண்மை. சதுரங்கப் பயிற்சியாளர் பிரசன்னாவுக்குப் போன குழந்தைகள் தினத்தன்று பச்சைச் சான்று வழங்கியபோது மேடையில் சான்று வைத்த தட்டை ஏந்தி நின்றவளே சிந்துஜாதான். நாற்பதைத் தாண்டிய மனிதர். மெல்லிய குரல். ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளும் அவருக்கு நினைவிருக்கும். ஏழைப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்க மாட்டார். தோற்று அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்த அவரைப் போல ஆளில்லை என்று எல்லா அம்மாக்களும் சொன்னார்கள்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் லோகநாதன் மாவட்ட அலுவலகத்துக்கு வந்தார். தாடி வளர்ந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, சிந்துஜாவுக்கே அடையாளம் தெரியவில்லை. சிவப்புப் பட்டியலில் பெயர் இருக்கும் ஆளை லாரிக்காரர் வேலையில் வைத்துக்கொள்ளவில்லை. வாடகைக்குப் பிடித்த அறைக்கு யாரோ கல்லெறிந்திருந்தார்கள். நெற்றியில் தையல் போட்ட தழும்பு இருந்தது.

"விசாரணை எப்ப முடியுமுங்க?"

"உங்க முறை வரணும். பதிவைச் சரிபார்க்கறதுதான் விசாரணை. கருவியில கோளாறு இல்லைன்னா உத்தரவு நிரந்தரம்."

"கோளாறு இல்லீங்க மேடம். நானே பார்த்தனுங்களே. அது செவந்துது." அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "அதைத்தான் ரோசனை பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். முத தடவை செவந்தப்ப நான் முகம் மழிச்சிட்டு இருந்தேன். அவளா வந்து பக்கத்துல உக்காந்தா. 'அப்பா ஒண்ணு சொன்னா வைய மாட்டீங்களே'ன்னு கேட்டா. சொல்லு சாமின்னேன். அப்ப அது செவந்துபோச்சு. அவ எந்திரிச்சுப் போயிட்டா. ரெண்டாவது தடவையும் அவளாத்தான் வந்தா. வண்டியில, எனக்குப் பக்கத்துல ஏறி உக்காந்துட்டு, அப்பான்னு கூப்புட்டா. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"மூணாவது தடவையும் அப்படித்தானுங்க. நான் ஒரு தடவையும் அவகிட்டப் போகலீங்க மேடம். அவதான் எங்கிட்ட வந்தா. பயந்துட்டு இருக்கற புள்ள பயப்படுத்துறவங்கிட்ட எதுக்குங்க தேடித் தேடி வரணும்?" அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டார். "என்னைய உள்ள போடுங்க, என்ன வேணா பண்ணுங்க. எம் புள்ள எங்கிட்ட என்னமோ சொல்ல வந்தா. அது என்னன்னு யாராச்சும் ஒருக்கா கேளுங்க."

"கேக்கக் கூடாதுங்க. சட்டத்துல இடமில்லை."

அவர் எழுந்து போனார்.

சிந்துஜா அன்று மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. காப்புக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் இர்ஃபானின் அறைக்குப் போனாள். இளைஞன். எப்போதும் பழுதான காப்புகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"நாய் துரத்தினாக்கூட பிள்ளைங்க பயப்படுதே. அப்பல்லாம் ஏன் சிவக்கறதில்லை?"

"அது சட்டுன்னு ஏறி சட்டுன்னு இறங்கற பயம் மேடம். ஊசி, நாய், பரீட்சை, இதையெல்லாம் கழிச்சிரும். மெதுவா ஏறி, இறங்காம நிக்கற பயத்தைத்தான் எடுக்கும். ஒரு ஆளை நினைச்சு நடுங்கற பயம் அப்படித்தான் இருக்கும்னு கண்டுபிடிச்சாங்க."

"ஒரு பிள்ளை ஒரு விஷயத்தை வெளியே சொல்லப் பயப்படுது. அந்தப் பயம் எப்படி ஏறும்?"

இர்ஃபான் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "மெதுவாத்தான் ஏறும்."

"அப்ப காப்பு யார் பேரை எழுதும்?"

"பக்கத்துல இருக்கறவங்க பேரை." அவன் குரல் இறங்கியது. "பயம் எவ்வளவுன்னு அதுக்குத் தெரியும் மேடம். எதுக்குன்னு தெரியாது."

சிந்துஜா கேட்டாள்: "இன்னொண்ணு. உண்மையிலேயே கொடுமை நடக்கற நேரத்துல, பிள்ளை பக்கத்துல அந்த ஆள் இருக்கான். அப்பவும் பச்சையா இருக்க வாய்ப்பிருக்கா?"

அவன் பிரித்துப் போட்டிருந்த காப்பு ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். "ரொம்பப் பழகின ஆளா இருந்தா, மாசக்கணக்குல நம்பவச்ச ஆளா இருந்தா, முதல்ல பயமே இருக்காது. அது தப்புன்னு பிள்ளைக்குப் புரிய ஆரம்பிக்கும்போது... சில பிள்ளைங்களுக்கு உடம்பு உறைஞ்சிரும் மேடம். துடிப்பு ஏறாது, இறங்கும். மூச்சு சன்னமாயிரும். தூங்கற பிள்ளையோட பதிவும் அதுவும் ஒண்ணு போல இருக்கும்."

"காப்பு அதை என்னன்னு படிக்கும்?"

"நிம்மதின்னு."

அவள் மறுநாள் ஆதிரையின் பள்ளிக்குப் போனாள். மதிய உணவு இடைவேளை. நூலக அறையில் யாரும் இல்லை. ஆதிரை ஒரு அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சிந்துஜா தன் கைபேசியை வெளியே வைத்துவிட்டு வரலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படிச் செய்தால் அது வேறொரு குற்றம். எதுவானாலும் தன் பெயரிலேயே இருக்கட்டும் என்று பையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஆதிரை, அன்னைக்கு உங்க வீட்ல எங்கிட்ட ஒண்ணு சொல்ல வந்தே. நான் கேக்காமப் போயிட்டேன். இப்பக் கேக்கறேன். என்ன கண்ணு?"

சிறுமி அவளைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். காப்பின் ஓரம் மெல்லச் சிவக்கத் தொடங்கியிருந்தது. சட்டென்று மற்றக் கையால் அதை மூடிக்கொண்டாள்.

"வேண்டாங்கக்கா. போயிருங்க."

"ஏன்?"

"நான் சொல்ல ஆரம்பிச்சா இது செவந்துரும். செவந்தா உங்களையும் கூட்டிட்டுப் போயிருவாங்க." காப்பை மூடிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "அப்பாவை அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. நான் வாயைத் தொறந்ததாலதான் அப்பா போயிட்டாங்க. அவரு முன்னாடியே சொன்னாரு, யார்கிட்டயாச்சும் சொன்னா அவங்களைக் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு. அப்படியே ஆயிருச்சு."

"யாரு சொன்னது?"

ஆதிரை அட்லஸைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சிந்துஜாவின் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. முதல் பதிவு. அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கூட்டிட்டுப் போனா போறேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. அது சிவக்கட்டும்னு விட்டுடு, நீ சொல்லு."

கைபேசி மறுபடி அதிர்ந்தது. பிறகு இன்னொரு முறை. ஆதிரை காப்பை மூடியிருந்த கையை எடுத்தாள். பேசத் தொடங்கினாள்.

அவள் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னாள். நடுவில் அட்லஸின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள். பிரசன்னா சார் என்ற பெயரைச் சொல்லும்போது மட்டும் சிந்துஜாவின் முகத்தைப் பார்த்தாள், அவள் நம்புகிறாளா என்று. சிந்துஜா குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. "நான் நம்பறேன்," என்று ஒருமுறை சொன்னாள். "உம்மேல ஒரு தப்பும் இல்லை," என்று இன்னொரு முறை சொன்னாள். ஆதிரை முடித்தபோது காப்பு தானாகவே பழைய நிறத்துக்கு வந்திருந்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் சிந்துஜாவைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். இயக்குநர் வசந்தகுமாரி அவளுடைய பழைய தோழி. கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"நீ என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா? பிள்ளைகிட்டக் கேள்வி கேட்டிருக்கே. உன் பேர்ல மூணு சிவப்பு. இப்ப நீ சொல்ற எதையும் நான் எடுத்துக்க முடியாது. சிவப்புப் பதிவு இருக்கறவங்க வாக்குமூலம் செல்லாது."

"பிள்ளை சொன்னது?"

"பிள்ளை சொல் சாட்சியமில்லை. அதைச் சட்டத்துலருந்து நீக்கினதே பிள்ளைங்க நன்மைக்காகத்தான். அந்த நீதிமன்றத்துல நடந்ததைப் பார்த்தவ நீ. உனக்கா நான் சொல்லணும்?"

"பார்த்தேன் வசந்தி. அன்னைக்கு அந்தப் பிள்ளையைத் தப்பாக் கேட்டாங்க. நாம என்ன பண்ணினோம்? நல்லபடியா கேக்கறது எப்படின்னு கத்துக்காம, கேக்கறதையே நிறுத்திட்டோம்."

வசந்தகுமாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் பதிவு முழுக்கப் பச்சை. நான் என்ன செய்யட்டும்?"

அங்கிருந்து சிந்துஜா நேரே காங்கேயம் போனாள். ஜீவிதா களத்தில் இருந்தாள். மற்றப் பெண்கள் தேங்காய் மூடிகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்க, ஜீவிதாவைத் தகரக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. ஜீவிதா முதலில் அவளை அடிக்கக் கையோங்கினாள். பிறகு அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்கதானே அங்க விடச் சொன்னீங்க," என்றாள்.

"ஆமா."

"பச்சைன்னீங்களே."

"ஆமாங்க."

"நானும் தெனம் பார்த்தேன். போனை எடுத்துப் பச்சைக் கோட்டைப் பார்த்துப்போட்டு நிம்மதியாப் படுத்தேன். எம் புள்ள எம் பக்கத்துலதான் படுத்திருந்தா. ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேக்கலை." அவள் கொட்டகைத் தூணில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டாள். "அவரு என்னைப் பாரு புள்ளன்னாரு. நான் பார்க்கலீங்க."

 சிந்துஜாவும் தூசியில் உட்கார்ந்தாள். ஜீவிதாவே கேட்டாள்: "இப்ப என்ன பண்றது?"

"பழைய சட்டம் ஒண்ணு இன்னும் நீக்கப்படாம இருக்கு. பிள்ளை தானா விரும்பினா மாஜிஸ்திரேட்டு முன்னாடி பேசலாம். நான் கூட வரக் கூடாது. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். ஆனா அவ சரின்னு சொன்னா மட்டும்."

ஆதிரை சரி என்று சொல்ல சில நாட்கள் ஆயின. யாரும் அவளை வற்புறுத்தவில்லை. ஒரு காலையில் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, "நான் சொன்னா அப்பா வந்துருவாங்களா?" என்று கேட்டாள். "தெரியலை சாமி," என்றாள் ஜீவிதா. "ஆனா நீ சொல்றதை அவங்க கேப்பாங்க." ஆதிரை யோசித்துவிட்டுப் போகலாம் என்றாள்.

மாஜிஸ்திரேட் ஒரு வயதான மனிதர், ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தவர். இப்படியொரு மனுவை வருஷக்கணக்கில் அவர் பார்த்ததில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, அந்தப் பிரிவை இரண்டு முறை படித்தார். பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பினார். குழந்தையின் காப்பைக் கழற்றச் சொல்லி எழுத்தில் ஒரு உத்தரவு போட்டார். ஆதிரைக்குத் தன் கை லேசாக இருப்பது விசித்திரமாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "அம்மா உள்ள இருக்கட்டுமா, வெளிய இருக்கட்டுமா?" என்று அவர் அவளைத்தான் கேட்டார். "உள்ள," என்றாள். நடந்ததை அவர் அவளிடம் ஒரே ஒருமுறைதான் கேட்டார். திருப்பிக் கேட்கவில்லை.

செய்தி களத்துப் பெண்கள் வழியாகப் பரவியது. சதுரங்க வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிய அம்மாக்கள் அந்த வாரம் தங்கள் வீடுகளில், கதவைச் சாத்திக்கொண்டு, சட்டத்துக்குப் பயந்துகொண்டே, பிள்ளைகளைக் கேட்டார்கள். சிலர் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். சிலரால் முடியவில்லை. ஒவ்வொருவராக அந்த மாஜிஸ்திரேட்டின் அறைக்கு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பிரசன்னாவைக் கைது செய்தபோது அவர் பதறவில்லை. "என் பதிவைப் பாருங்க," என்றுதான் சொன்னார். நீதிமன்றத்திலும் அவருடைய வக்கீல் அதையே நீட்டினார். வழக்கு இன்னும் நடக்கிறது.

கைதான மறுநாள் ஊர் ஆட்கள் பிரசன்னாவின் வீட்டைத் தாக்கக் கிளம்பினார்கள். லோகநாதனையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் ஒருவன்தான் தன் அறைக்குக் கல்லெறிந்தவன் என்பது அவருக்குத் தெரியும். "அந்தாளோட பொஞ்சாதியும் புள்ளைகளும் அங்கதான இருக்குதுக," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் மீதான உத்தரவை ரத்து செய்தார்கள். சிந்துஜாவின் மேலிருந்ததை ரத்து செய்யவில்லை. அவள் கேள்வி கேட்டது கேட்டதுதான். அவளுடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளோடு வரும் அம்மாக்கள் அவள் இருக்கும் லிஃப்டில் ஏறுவதில்லை. தினமும் வணக்கம் சொல்லும் வாட்ச்மேன் அவள் வரும்போது கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். லோகநாதன் தன் மேசைக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தது ஏன் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் இர்ஃபான் அவளைப் பார்க்க வந்தான். புதிய காப்புகள் நிறைந்த பெட்டி ஒன்று அவன் வண்டியில் இருந்தது.

"அரசாங்கம் குழு போட்டு விசாரிச்சிருச்சு மேடம். குறையைக் கண்டுபிடிச்சுட்டாங்க."

"சட்டத்தை மாத்தறாங்களா?"

"காப்பை மாத்தறாங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "இதுவரைக்கும் பயத்தை மட்டும்தான் எழுதுச்சு. இனிமே அமைதியையும் எழுதும். ஒரு பெரியவர் பக்கத்துல பிள்ளை ரொம்ப நிம்மதியா இருந்தா, ரொம்ப ஒட்டிக்கிட்டிருந்தா, மஞ்சள். மூணு மஞ்சள் வந்தா விசாரணை."

"கேக்கறது?"

"அது இன்னும் குற்றம்தான்."

அந்த வாரக் கடைசியில் ஜீவிதா அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். சிந்துஜா ஆதிரைக்கு அருகே வரக் கூடாது என்று உத்தரவு இருந்தது. "எங்க வீட்டுக்கு யாரு வரணும்னு நாங்க சொல்றமுங்க," என்றார் லோகநாதன் போனில். அவள் போனாள்.

அவர் வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் பழையபடி இல்லை. மகள் இருக்கும் அறைக்குள் நுழையும்முன் வாசலில் நின்று செருமினார். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது டம்ளரைத் தரையில் வைத்துத் தள்ளினார். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஜீவிதா அவரிடம் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் ஒரு கணம் தயங்கினாள். திரும்பி வந்தது மட்டும் போதாது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதைச் செய்தால் போதும் என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஆதிரை கையில் புதிய காப்பு. முந்தின நாள்தான் பள்ளியில் மாட்டியிருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது ஆதிரை பள்ளியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். தலைமை ஆசிரியரின் அறைக்குள் ஒரு மயில் புகுந்துவிட்டதாம். அவர் மேசைமேல் ஏறி நின்றுகொண்டு கதவைத் திறங்கடா என்று கத்தினாராம். யாரும் திறக்கவில்லையாம். அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். லோகநாதன் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நகர்ந்து வந்து, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அப்பாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் அசையாமல் இருந்தார். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்த கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்து அவள் தலைமேல் வைத்தார்.

காப்பின் ஓரம் மஞ்சளாயிற்று.

லோகநாதனின் கைபேசி அதிர்ந்தது. ஜீவிதா கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. ஆதிரையின் சிரிப்பும் பாதியில் நின்றது. அவள் தன் கையைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போவதற்காக உடம்பைச் சுருக்கினாள்.

லோகநாதன் சிந்துஜாவைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப என்னுங்க மேடம் தப்பு?"

சிந்துஜா ஆதிரையின் காப்பையே பார்த்தாள். 

கைபேசி இரண்டாம் முறை அதிர்ந்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. மகளின் தலைமேலிருந்த கையையும் எடுக்கவில்லை.

"நீ சொல்லு சாமி," என்றார். "மயிலு அப்புறம் என்ன பண்ணுச்சு?"